யார் சொன்னது?



மதரஸாவில் ஓதும் காலத்தில் ஹதீஸ் கலையில் ஒரு பாடம் உண்டு. பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் வருகிற அறிவிப்பாளர்களைப் பிரித்தறிவது எப்படி என்பது அந்தப் பாடம். 'அல் முத்தஃபிக் வல் முஃப்தரிக்' என்று அதற்குப் பெயர். ஹிஜ்ரி 463-இல் மறைந்த கதீபுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் இதே தலைப்பில் ஒரு பெரும் நூலே எழுதியிருக்கிறார்கள். பெயர் ஒன்று, தந்தை பெயரும் ஒன்று, சில வேளை பாட்டனார் பெயரும் ஒன்றாக இருக்கும். ஆனால் ஒருவர் பஸராவில் வாழ்ந்தவர், மற்றவர் கூஃபாவில் வாழ்ந்தவர். ஒருவர் நம்பகமானவர், மற்றவர் பலவீனமானவர். பெயரைக் கண்டவுடன் இன்னார்தான் என்று முடிவு கட்டிவிட்டால் ஹதீஸின் தரமே மாறிப் போகும். இந்தப் பாடத்தைப் பரீட்சையில் நான் நன்றாகவே எழுதினேன், மதிப்பெண்ணும் குறைவில்லை.

சில வருடங்கள் கழித்து, கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு சிறு மஹல்லாவில் இமாமத் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து உட்கார்ந்திருக்கையில் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இன்னாரின் மகன் இன்னார் சவூதியில் வாகன விபத்தில் வஃபாத்தாகிவிட்டார், துஆச் செய்யுங்கள் என்றிருந்தது. பெயரும் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் சரியாக இருந்தன. ஐந்து நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் அதே செய்தி வந்தது. மூன்று வழியாக வந்துவிட்டதே, இனி என்ன சந்தேகம் என்று ஒலிபெருக்கியைப் போட்டு நானே அறிவித்தேன்.

அந்த வாலிபரின் வீடு பள்ளிவாசலிலிருந்து நாலாவது வீடு. அவருடைய தாயாருக்கு மகன் மவ்த்தான செய்தி என் குரலில்தான் போய்ச் சேர்ந்தது.

கால் மணி நேரத்தில் அந்த மகனே போனில் பேசினார். வேலை முடிந்து அறைக்கு வந்தவருக்கு யாரோ செய்தி சொல்லியிருக்கிறார்கள். விபத்தில் இறந்தவர் வேறொரு மாவட்டத்துக்காரர். அவருக்கும் அதே பெயர், தந்தைக்கும் அதே பெயர். முதலில் வந்த செய்தியில் ஊர்ப் பெயரே இல்லை. இடையில் யாரோ ஒருவர், நம் ஊர்ப் பிள்ளைதானே என்று தாமாக ஊர்ப் பெயரைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். ஹதீஸ் கலையில் இதற்கும் பெயர் உண்டு. அறிவிப்பாளர் தம் சொந்தச் சொல்லை மூலத்துக்குள் கலந்துவிடுவதை 'இத்ராஜ்' என்போம். மூன்று குழுக்களில் வந்ததும் மூன்று செய்தியல்ல, ஒன்றின் மூன்று பிரதிகள். பத்துக் கிதாபுகளில் இருந்தாலும் வழிகளெல்லாம் ஒரே ஆளிடம் போய் முடிந்தால் அது ஒருவர் சொன்ன செய்திதான் என்று எங்கள் உஸ்தாது எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருப்பார்கள்! கிதாபில் படித்தது கைப்பேசியைக் கண்டதும் மறந்து போயிற்று.

அந்த மாலையின் கடனைக் கொஞ்சமாவது தீர்க்கலாம் என்றுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

திருமறையில் அல் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-வது வசனத்தை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரியுங்கள். அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களாக ஆகிவிடாதீர்கள் என்பது அதன் கருத்து. இது எந்தச் சந்தர்ப்பத்தில் இறங்கியது என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலரும் எழுதுகிறார்கள். பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க ஒருவர் அனுப்பப்பட்டார். அவர் பெயரைச் சொல்வது இங்கே நமக்கு அவசியமில்லை. தம்மை வரவேற்கத் திரண்டு வந்தவர்களைத் தூரத்தில் கண்டு, பழைய பகையால் கொல்ல வருகிறார்கள் என்று அஞ்சிப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். ஜகாத் தர மறுத்துவிட்டார்கள், என்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்று வந்து சொன்னார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் படையெடுக்க அவசரப்படவில்லை. காலித் பின் வலீத் (ரலி) அவர்களை அனுப்பி, நிதானமாகப் பார்த்து வரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அங்கே பாங்கு ஒலித்தது, தொழுகை நடந்தது. ஒரு தவறான செய்தியால் ஒரு முஸ்லிம் ஊரே அழிந்திருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திரும்பி வந்தவர் கூட்டத்தைக் கண்டது உண்மை. கொல்ல வருகிறார்கள் என்பது அவர் கண்டதல்ல, கருதியது. இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னதில்தான் கோளாறு.

இதைவிடத் தெளிவாக இந்தப் பாடத்தைச் சொல்லும் சம்பவம் ஒன்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உமர் (ரலி) அவர்களும் அண்டை வீட்டு அன்ஸாரித் தோழர் ஒருவரும் முறை வைத்துக்கொண்டு, ஒருநாள் இவர், ஒருநாள் அவர் என்று நபிகளாரின் சபைக்குப் போய் அன்றைய செய்திகளை மற்றவருக்குச் சொல்வது வழக்கம். ஒருநாள் இரவு அந்தத் தோழர் கதவைப் படபடவென்று தட்டினார். கஸ்ஸான் கூட்டத்தார் படையெடுத்து வந்துவிட்டார்களோ என்று உமர் (ரலி) பதறினார்கள். அதைவிடப் பெரிது, நபிகளார் தம் மனைவியரைத் தலாக் சொல்லிவிட்டார்கள் என்றார் வந்தவர்.

சொன்னவர் பொய்யரா? இல்லை, நம்பகமான ஸஹாபி. அவர் மட்டுமா சொன்னார்? உமர் (ரலி) பள்ளிவாசலுக்குள் போனபோது அங்கிருந்தவர்களும் கவலையோடு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்திக்கு மிக நெருங்கியவர் உமரின் சொந்த மகள் ஹஃப்ஸா (ரலி). அவர்களிடமே போய்க் கேட்டார்கள். எனக்குத் தெரியாது, அவர்கள் மாடியறையில் தனித்திருக்கிறார்கள் என்ற பதில்தான் கிடைத்தது. அதோடு நிறுத்தினார்களா? மாடியறை வாசலுக்குப் போய் அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை, திரும்பினார்கள். மனம் கேட்கவில்லை; மறுபடி போனார்கள். மூன்றாம் முறைதான் அனுமதி கிடைத்தது. உள்ளே போய், தலாக் சொல்லிவிட்டீர்களா என்று நபிகளாரிடமே நேராகக் கேட்டார்கள். இல்லை என்ற பதில் வந்தது. உமர் (ரலி) தக்பீர் முழங்கினார்கள். நபிகளார் ஒரு மாதம் மனைவியரை விட்டு விலகியிருப்பதாகச் சத்தியம் செய்திருந்தார்கள், அவ்வளவுதான். விலகியிருந்ததை மக்கள் கண்டார்கள். தலாக் என்பதை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். பிறகு உமர் (ரலி) அவர்கள் பள்ளிவாசல் வாயிலில் நின்று, தலாக் சொல்லவில்லை என்று உரத்த குரலில் அறிவித்தார்கள் என்று முஸ்லிமின் அறிவிப்பில் வருகிறது. அச்சமோ அமைதியோ தரும் செய்தி வந்தால் உடனே பரப்பிவிடாமல், தூதரிடமும் பொறுப்புடையவர்களிடமும் கொண்டுபோனால் ஆராயத் தெரிந்தவர்கள் உண்மையை அறிந்துகொள்வார்கள் என்ற கருத்துடைய அந்நிஸா அத்தியாயத்தின் 83-வது வசனத்தையும் அதே அறிவிப்பு இந்தச் சம்பவத்தோடு சேர்த்துச் சொல்கிறது.

நல்லவர் சொன்னார் என்பதோ, பலர் சொன்னார்கள் என்பதோ, பள்ளிவாசலிலேயே சொன்னார்கள் என்பதோ உமர் (ரலி) அவர்களுக்குப் போதவில்லை. செய்தியின் ஊற்று எதுவோ அதுவரை நடந்து போனார்கள். கைப்பேசியை வைத்துக்கொண்டு நமக்கு எழுந்து நடக்க வேண்டிய சிரமம்கூட இல்லை. ஆனாலும் போவதில்லை.

ஸனது என்னும் அறிவிப்புத் தொடர் இந்த நடையின் நீட்சிதான். இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்தார்களா, ஞாபகசக்தி எப்படி, நேர்மை எப்படி என்று நம் முன்னோர்கள் ஆயிரக்கணக்கான ஆட்களின் வாழ்க்கையைத் துருவித் துருவி எழுதி வைத்தார்கள். ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒட்டகம் வாங்கி ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் நாட்டில் இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களிடம் போனார்கள். ஆள் யாரென்று தெரியாவிட்டால் 'மஜ்ஹூல்' என்று எழுதி ஒதுக்கி வைத்தார்கள். பொய்யன் என்று நிரூபணமானால்தான் ஒதுக்குவோம் என்று சொல்லவில்லை. ஆள் தெரியவில்லை என்பதே ஒதுக்கப் போதுமான காரணம்.

வாட்ஸ்அப்பில் கைமாறி வருகிற செய்திக்கு ஓர் அம்புக்குறியும், பலமுறை கைமாறி வந்ததற்கு இரட்டை அம்புக்குறியும் காட்டப்படுவதை வீட்டுப் பெண்மக்களும் பார்த்திருப்பார்கள். பலர் அதை, பலபேர் ஒப்புக்கொண்ட செய்தி என்பதற்கான முத்திரை என்று நினைக்கிறார்கள். நேர்மாறாகத்தான் நினைக்க வேண்டும். உங்களுக்கு அனுப்பியவர் இதை எழுதியவரல்ல, எழுதியவர் யாரென்று அவருக்கும் தெரியாது என்பதே அதன் பொருள். சுருங்கச் சொன்னால், 'மஜ்ஹூல்' என்று அந்தக் கம்பெனியே நெற்றியில் எழுதி அனுப்புகிறது. 2018-இல் இந்தியாவில் வதந்தியால் பல உயிர்கள் போன பிறகுதான் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் கைமாற்ற முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், இரட்டை அம்புக்குறிச் செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று அது மேலும் இறுக்கப்பட்டது.

மார்க்க விஷயம்தானே, நல்லதைத்தானே சொல்கிறது, ஸவாபு கிடைக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல நோக்கத்தால் பொய் ஹலாலாகாது. நூஹ் பின் அபீ மர்யம் என்றொருவர் இருந்தார். மார்க்கக் கல்வி நிறைய உடையவர். குர்ஆனின் ஒவ்வொரு ஸூராவுக்கும் இன்னின்ன சிறப்பு என்று ஹதீஸ்களை இட்டுக்கட்டினார். ஏன் செய்தீர் என்றதற்கு, மக்கள் குர்ஆனை விட்டு அபூஹனீஃபாவின் ஃபிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாறுகளிலும் மூழ்கிவிட்டார்கள், அவர்களைக் குர்ஆன் பக்கம் திருப்பவே செய்தேன் என்று சொன்னதாக ஹதீஸ் கலை நூல்களில் பதிவாகியிருக்கிறது. எண்ணம் எத்தனை உயர்ந்தது! ஆனால் இமாம்கள் அவரைப் பொய்யர் பட்டியலில்தான் எழுதினார்கள்.

என் நன்னிமா வீட்டில் குர்ஆன் வைக்கும் ரிஹாலுக்கு அடியில் மடித்து வைத்த ஒரு பழைய நோட்டீஸ் இருந்தது. மதீனாவில் ரவ்ழா ஷரீஃபின் பணியாளரான ஷைகு அஹ்மது என்பவர் நபிகளாரைக் கனவில் கண்டாராம். உம்மத்துக்கு வஸிய்யத் சொன்னார்களாம். இதைப் பிரதி எடுத்துப் பரப்பினால் பரக்கத்து, பொய் என்று ஒதுக்கினால் நாசம் என்றிருந்தது. நன்னிமா பயந்து பத்துப் பிரதி கையால் எழுதி அனுப்பினார்களாம். இதே கனவுக் கடிதத்தின் ஒரு பிரதி 1880-இல் ஜாவா பக்கம் சுற்றி வந்தது. டச்சுக்காரரான ஸ்னூக் ஹுர்க்ரோன்யே அதைப்பற்றி 1884-இல் கட்டுரை எழுதினார். எகிப்தில் ரஷீத் ரிழா மறுத்தெழுதினார். சவூதியின் பின் பாஸும் விரிவாக மறுத்தெழுதினார். ஆனாலும் கனவு காணும் ஷைகு அஹ்மது மட்டும் மவ்த்தாகவே இல்லை. தபால் கார்டில் வந்தார், அச்சு நோட்டீஸில் வந்தார், இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒருவர் ஒரே பதவியில் இருக்க முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

ஒரு செய்தியைச் சோதிப்பது எப்படி என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். 2020-ஆம் ஆண்டு ரமளானில், எல்லோரும் கொரோனாவால் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில், ஒரு செய்தி உலகமெங்கும் சுற்றியது. ரமளான் பிறை 15 வெள்ளிக்கிழமையாக அமைந்தால் அன்று வானத்திலிருந்து பெரும் சப்தம் கேட்கும், மக்கள் செவிடாவார்கள், வீட்டைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று ஹதீஸ் இருக்கிறதாம். அந்த வருடம் 15 வெள்ளியில் வருகிறதாம். ஆதாரமாக நுஐம் பின் ஹம்மாதின் 'அல் ஃபிதன்' என்று கிதாபு பெயரும் போட்டிருந்தார்கள். பெண்கள் பலர் அழுதுகொண்டே கேட்டார்கள்.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். சவூதியில் அந்த ரமளான் ஏப்ரல் 24-இல் தொடங்கியது. அங்கே 15 என்பது மே 8, வெள்ளிக்கிழமை. நமக்கோ தமிழ்நாட்டில் ஏப்ரல் 25-இல்தான் முதல் நோன்பு. நம் 15 சனிக்கிழமை! செய்தியை அனுப்பியவர் தம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து, கிதாபில் இருக்கிறதா? இருக்கிறது. அந்தக் கிதாபு இருப்பதும் உண்மை, அதில் இந்த வாசகம் இருப்பதும் உண்மை. நம் மக்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கிதாபில் இருப்பது வேறு, நபிகளார் சொன்னது என்று நிரூபணமாவது வேறு. ஹிஜ்ரி 597-இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள், இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்த தம் 'அல் மவ்ளூஆத்' நூலில் இந்தச் செய்தியைச் சேர்த்திருக்கிறார்கள். எண்ணூறு வருடங்களுக்கு முன் குப்பைக் கூடைக்குப் போனதை எடுத்துத் தூசு தட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

ஆகவே ஹதீஸ் என்று ஒன்று வந்தால் கிதாபு பெயர், எண், தரம் மூன்றையும் கேளுங்கள். எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பாடத் தலைப்பையும் சேர்த்துக் கேட்பது நல்லது. புகாரி, முஸ்லிம் தமிழாக்கங்களை ரஹ்மத் பதிப்பகம் வெளியிட்டிருக்கிறது. வீட்டில் ஒரு தொகுப்பு இருந்தால் பிள்ளைகளை விட்டே தேடச் சொல்லலாம். அரபி தெரிந்தவர்களுக்கு 'அத்துரர் அஸ்ஸனிய்யா' என்ற இணையதளத்தில், ஹதீஸின் ஒரு சொற்றொடரைக் கொடுத்தால் இமாம்கள் அதன் தரம்பற்றி என்ன சொன்னார்கள் என்பது வந்துவிடும். இப்போது கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் செயற்கை அறிவுச் செயலிகளிடம் மஸ்அலா கேட்கும் பழக்கம் வாலிபர்களிடம் வந்திருக்கிறது. அவை தெரியாது என்று சொல்லக் கூச்சப்படும் மாணவனைப் போன்றவை. இல்லாத ஹதீஸுக்கு அழகாக எண் போட்டுத் தந்துவிடும். கிதாபைத் திறந்தால் அந்த எண்ணில் வேறு ஹதீஸ் இருக்கும். தேடுவதற்கு உதவியாக வைத்துக்கொள்ளுங்கள், ஸனதாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

மார்க்கச் செய்தியில் பிழைத்தால் ஈமானுக்கு நஷ்டம். உலகச் செய்தியில் பிழைத்தால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டமே கண்டது.

2022 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. பக்ரீத் முடிந்து சரியாக ஒரு வாரம். சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி 13-ஆம் தேதி இறந்து கிடந்தார். பெற்றோர் நியாயம் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த நான்கு நாட்களில், கனியாமூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர்கள், இரவில் நடந்ததை நேரில் கண்டவர்களைப் போல் கைப்பேசியில் பேசினார்கள். குழுக்கள் தொடங்கினார்கள். ஞாயிறன்று வாருங்கள் என்று அழைப்பு பரவியது. பல ஊர்களிலிருந்து கூட்டம் திரண்டது. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. காவல் வாகனங்கள் எரிந்தன. மேசை நாற்காலிகளைத் தூக்கிப் போனார்கள். அந்தப் பள்ளியில் படித்த மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் தீயில் போயின. நூற்றுக்கணக்கான வாலிபர்கள் கைதானார்கள். மாணவி எப்படி இறந்தார் என்பதை விசாரிக்கும் பொறுப்பு சி.பி.சி.ஐ.டி.யிடமும் நீதிமன்றத்திடமும் போனது. அதைப்பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தகுதியில்லை. கைதான பிள்ளைகளின் தாய்மார்களை நினைத்துத்தான் சொல்கிறேன். அவர்களில் எத்தனை பேர், தாம் நம்பி ஓடிய செய்தியைச் சொன்னவர் யாரென்று அறிந்திருந்தார்கள்?

இன்னும் நான்கு வருடம் முன்னால் போனால், 2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு வந்த சென்னைக் குடும்பம் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. குழந்தை கடத்த வடநாட்டார் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் குரல் அந்த ஊரில் ஏற்கனவே பரவியிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். வந்தவர்கள் வடநாட்டாரும் அல்ல, தமிழ் பேசுகிறவர்கள்! அதே காலத்தில் நாடெங்கும் சுற்றிய கடத்தல் வீடியோ ஒன்று, உண்மையில் கராச்சியில் எடுக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு விளம்பரப் படம். மோட்டார் சைக்கிளில் வந்தவர் குழந்தையைத் தூக்கிப் போவார். பிறகு திரும்பி வந்து இறக்கிவிட்டு விழிப்புணர்வு அட்டையைக் காட்டுவார். பின்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு முன்பகுதியை மட்டும் அனுப்பினார்கள். தொழுகையாளிகளுக்குக் கேடு என்று ஓதிவிட்டு அடுத்த வசனத்தை ஓதாமல் நிறுத்துவது போன்ற வேலை இது.

2020-இல் நிஜாமுத்தீன் மர்கஸ் விவகாரத்தின்போது இதே ஆயுதம் நம் மீது திரும்பியது. நோய் பரவுவதற்கு முன்பே எடுக்கப்பட்ட பழ வியாபாரியின் வீடியோவைப் போட்டு, முஸ்லிம்கள் எச்சில் தடவிக் கொரோனா பரப்புகிறார்கள் என்றார்கள். அந்த ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, ஜமாஅத்துக்கு வந்த வெளிநாட்டார்மீது போட்ட வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று சொன்னது. அன்று நமக்கு எவ்வளவு வலித்தது! ஆனால் அடுத்த சமூகத்தைப்பற்றிக் கேவலமாக ஒரு செய்தி வந்தால் நம் குழுக்களில் அது எத்தனை வேகமாகப் பறக்கிறது என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நமக்குச் சாதகமான செய்தியை நாம் சோதிப்பதே இல்லை. உண்மையில் அதைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும். நஃப்ஸு விரும்புகிற செய்திக்கு நஃப்ஸே சாட்சி சொல்லிவிடும்.

வீட்டில் என்ன செய்வது? படம் வந்தால் 'கூகுள் லென்ஸ்' என்ற வசதியில் அதைக் கொடுத்தால், அதே படம் இதற்குமுன் எங்கே, எந்த வருடம் வந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். உங்கள் வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தெரியும், கேளுங்கள். தொலைக்காட்சிச் சின்னம் போட்ட செய்தி அட்டை வந்தால் அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் அந்தத் தேதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சின்னத்தை ஒட்டுவது சிறுபிள்ளை வேலை. வீடியோ என்றால் முழுதும் பாருங்கள். பேச்சு என்றால் முன்னும் பின்னும் கேளுங்கள். நாளை, நேற்று, சற்றுமுன் என்று இருந்து தேதி இல்லாவிட்டால் அது எந்த வருடத்து நேற்றோ! தமிழ்நாடு அரசு 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை ஏற்படுத்தியது; 'யூடர்ன்' போன்ற தனியார் அமைப்புகளும் தமிழில் வதந்திகளைச் சோதித்து எழுதுகின்றன. அவர்களும் அறிவிப்பாளர்களே. என்ன ஆதாரம் காட்டுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

இவ்வளவும் செய்ய நேரமில்லை என்றால் சும்மா இருங்கள். சோதிக்க எல்லோருக்கும் கடமையில்லை. ஆனால் சோதிக்காதவருக்கு அனுப்பவும் உரிமையில்லை. கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவன் பொய்யன் என்பதற்குப் போதும் என்ற கருத்தில் வரும் ஹதீஸை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் நூலின் முன்னுரையிலேயே பதித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். நான் எழுதவில்லையே, வந்ததை அனுப்பினேன் என்பது பதிலாகாது. ஆயிஷா (ரலி) அன்னையார்மீது அவதூறு கிளம்பியபோது, அந்நூர் அத்தியாயத்தில் அல்லாஹ் கண்டித்தது கட்டியவனை மட்டுமல்ல, பரப்பியவர்களையும்தான். அங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. செய்தியைக் காதால்தானே வாங்குவோம்? 15-வது வசனமோ அவர்கள் அதை நாவால் வாங்கினார்கள் என்ற கருத்தில் பேசுகிறது. காதுக்கும் போகவில்லை, கல்புக்கும் போகவில்லை. ஒரு நாவிலிருந்து இன்னொரு நாவுக்குத் தாவியது. இன்று விரலிலிருந்து விரலுக்குத் தாவுகிறது.

தவறி அனுப்பிவிட்டவர் என்ன செய்வது? செய்தியை மட்டும் அழித்துவிட்டு மௌனமாகிவிடுவது போதாது. தவ்பாவோடு சீர்திருத்தத்தையும் தெளிவுபடுத்துதலையும் சேர்த்தே அல்பகரா 160-வது வசனம் சொல்கிறது. எந்தக் குழுவில் அனுப்பினீர்களோ அதே குழுவில், நான் அனுப்பியது தவறு என்று எழுத வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும்.

அன்று மஃக்ரிபுக்கு முன் நானும் அதே ஒலிபெருக்கியில் சொன்னேன். நான் அறிவித்த மவ்த்துச் செய்தி தவறு, விசாரிக்காமல் சொன்னது என் குற்றம் என்றேன். குரல் நடுங்கியது. மறுநாள் சுபுஹுக்குப் பின் முத்தவல்லியையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும். அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன் ஹஜ்ரத். நீங்க சொன்னீங்களேன்னுதான்" என்றார்கள்.

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கோடு போட்டு, ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் வைத்தோம். மவ்த்துச் செய்தி யார் கொண்டுவந்தாலும் அதில் எழுதிய பிறகுதான் அறிவிப்பு. நான் அந்த மஹல்லாவை விட்டு வந்து வருடங்களாகின்றன. நோட்டு மூன்றாவது ஓடுகிறது என்று மோதினார் சென்ற மாதம் போனில் சொன்னார். அதில் நான்கு பத்திகள் உண்டு. இறந்தவர் பெயரும் வீடும். யார் சொன்னது. அவர் தாமே அறிந்ததா, பிறர் சொல்லக் கேட்டதா. அந்த வீட்டாரிடம் யார் போய்க் கேட்டது.